வெயில் பக்கம் நிற்பவள்

மார்ச் 9

கொக்கு,

போன் வேண்டாம். போனில் நீ "சரி அண்ணி" என்பாய். நான் "என்ன சரி?" என்பேன். இரண்டு பேரும் வைத்துவிடுவோம். எழுதினால் நடுவில் புகுந்து பேச முடியாது. மெயில்தான் இது. கடிதமாக நினைத்துக்கொள்.

முதலில் வேலை விஷயம்.

நேற்று டேப்லெட் அணைந்துவிட்டது. பாதி கட்டி நிற்கும் அடுக்குமாடி ஒன்றின் மேல்தளத்தை ட்ரோனால் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். திரை முதலில் மங்கியது. வெளிச்சத்தை ஏற்றினேன். ஏறவில்லை. பிறகு ஒரு தெர்மாமீட்டர் படம் வந்தது. பிறகு கறுப்பு. மேலே ட்ரோன் ரீங்காரம் போட்டுக்கொண்டு நிற்கிறது, கீழே என் கையில் ஒரு கறுப்புப் பலகை. அதில் என் முகம் தெரிந்தது. அவ்வளவு வியர்வையோடு என் முகத்தை நான் பார்த்ததில்லை.

கட்டட மேஸ்திரி எட்டிப் பார்த்தார். "என்னம்மா, கரண்ட் போயிடுச்சா?"

"இல்லைங்க, சூடாயிடுச்சு."

"கொஞ்சம் தண்ணி தெளிச்சுப் பாருங்களேன்."

கன்ட்ரோலரில், புறப்பட்ட இடத்துக்கே திரும்பச் சொல்லும் பட்டனை அழுத்தினேன். தானாக வந்து இறங்கியது. எதுவும் உடையவில்லை. ட்ரோனை நான் மார்போடு அணைத்துக்கொண்டதை மேஸ்திரி பார்த்துவிட்டார், அவ்வளவுதான்.

நீ என் பக்கத்தில் நின்று ட்ரோனைக் கண்ணால் பார்த்துச் சொன்னவரை ஒருநாளும் இப்படி ஆனதில்லை. குறையாகச் சொல்லவில்லை. தகவலாகச் சொல்கிறேன்.

இன்னொரு தகவல். அந்தப் பெரிய தொழிற்சாலையிலிருந்து கூப்பிட்டுவிட்டார்கள். வரிசை வரிசையாகத் தகரக் கூரை, எங்கெங்கே துருப்பிடித்திருக்கிறது என்று மேலிருந்து பார்த்துச் சொல்ல வேண்டும். ஏப்ரல் கடைசியில் ஒரு சோதனைப் பறப்பு. பிடித்திருந்தால் வருஷம் முழுக்க வேலை. துருவைப் பார்க்கப் பெரிய திரை வேண்டும், போன் போதாது. வெயிலுக்கென்றே, திரையோடு சேர்த்துச் செய்த கன்ட்ரோலர் விற்கிறார்கள். அதன் விலையைக் கேட்டு உன் அண்ணன் உட்கார்ந்துவிட்டார்.

அவரிடம் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். "அங்கேயும் திரை அணைஞ்சா ட்ரோனை வித்துட்டு உங்க டைல்ஸ் கடை கல்லாவுல வந்து உட்கார்றேன்." மறுநாள் கல்லா நாற்காலிக்குப் புது மெத்தை வாங்கிப் போட்டிருக்கிறார்.

எனக்கு அந்த நாற்காலி வேண்டாம், கொக்கு. உனக்குத் தெரியும்.

நாத்தனார் என்றால் அண்ணியைக் கூட இருந்து படுத்த வேண்டும். நீ தூரத்தில் போய் உட்கார்ந்துகொண்டு படுத்துகிறாய். ஏதாவது வழி சொல்.

அண்ணி

பி.கு: சாப்பிடுகிறாயா?


மார்ச் 12

அன்புள்ள அண்ணி,

பி.கு.வுக்கு முதலில் பதில். சாப்பிடுகிறேன்.

இங்கே குளிர். வெளியே இல்லை, அலுவலகத்துக்குள். எந்திரங்களுக்காக வைத்த குளிர். மனிதர்கள் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு அதற்குள் உட்கார்ந்திருக்கிறோம். என் வேலை, கூரைகளைச் சுற்றிக் கோடு வரைவது. வானத்திலிருந்து எடுத்த படங்கள் வரும். எது வீடு, எது கொட்டகை, எது மரம் என்று பிரிக்க வேண்டும். யாருடைய கூரை என்று யாரும் சொல்வதில்லை. மதியத்துக்கு மேல் எல்லாக் கூரைகளும் ஒரே கூரையாகிவிடும்.

டேப்லெட்.

அந்தத் தடித்த ரப்பர் உறையைக் கழற்றுங்கள். விழுந்தால் உடையாமல் காப்பது அதுதான். சூட்டை வெளியே போகவிடாமல் காப்பதும் அதுதான். கன்ட்ரோலரிலிருந்து வரும் ஒயர் வழியாக டேப்லெட் சார்ஜ் ஆகிக்கொண்டே இருக்கும், அதை செட்டிங்கில் நிறுத்திவிடுங்கள். வீட்டிலேயே முழுதாக சார்ஜ் போட்டு, ஆறவிட்டு எடுத்துப் போங்கள். பறக்கும் இடத்தின் வரைபடத்தையும் வீட்டிலேயே இறக்கிக்கொண்டால், அங்கே ஃப்ளைட் மோடில் போட்டுவிடலாம். பின்னால் ஓடும் ஆப்களை மூடுங்கள், அண்ணனின் மேட்ச் ஸ்கோர் உட்பட. டேப்லெட் தன் பங்குக்கு ஒரு வீடியோ பதிவு செய்துகொண்டிருக்கும். அது எதற்கு? ட்ரோனின் கார்டில்தான் எல்லாம் இருக்கிறதே. காரில் கண்ணாடிக்குக் கீழே வைக்காதீர்கள். ட்ரோன் எழும்பத் தயாராகும்வரை பைக்குள், நிழலில் இருக்கட்டும்.

எல்லாம் செய்தும் அணைந்தால் ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். டேப்லெட் செத்தால் ட்ரோன் சாகாது. கன்ட்ரோலர் தனி உயிர். உங்கள் கட்டைவிரல் சொல்வதை அது கேட்கும். (வீட்டில் வேறு யார் கேட்கிறார்கள் என்று நீங்கள் முணுமுணுப்பது இங்கே கேட்கிறது.)

"தகவலாக" என்று எழுதியிருந்தீர்கள். அந்தச் சொல்லைச் சுற்றியும் ஒரு கோடு வரைந்து பார்த்தேன். வீடா கொட்டகையா, தெரியவில்லை.

கொக்கு


மார்ச் 21

கொக்கு,

உறையைக் கழற்றினேன். சார்ஜை நிறுத்தினேன். மேட்ச் ஸ்கோரை மூடினேன், அதற்கு வீட்டில் ஒரு சண்டை. எல்லாம் உதவியது. முன்னைவிட நன்றாகவே தாங்கியது. ஆனால் பதினோரு மணி வெயிலில் மறுபடியும் மங்க ஆரம்பித்தது.

அதனால் நான் சொந்த மூளையை உபயோகித்தேன்.

சிரிக்காதே. விற்பனைக்கு இருக்கும் ஒரு பெரிய வீடு. தோட்டம், நீச்சல்குளம் எல்லாம் மேலிருந்து தெரிய வேண்டும் என்றார் தரகர். குளிர்பானம் வைக்கும் பெட்டியில் ஐஸ் கட்டிகளைக் கொட்டி, டேப்லெட்டை ஒரு துணியில் சுற்றி, நடுவில் படுக்க வைத்து எடுத்துக்கொண்டு போனேன். வெளியே எடுத்தபோது எவ்வளவு ஜில்லென்று இருந்தது தெரியுமா! கன்னத்தில் வைத்துக்கொண்டேன். வெயிலில் இரண்டு மூச்சு விடுவதற்குள் திரை முழுக்கப் பனி படர்ந்துவிட்டது. துடைத்தேன். மறுபடி படர்ந்தது. முந்தானையால் துடைத்தேன். சார்ஜ் போடும் ஓட்டையில் ஒரு துளி உட்கார்ந்திருக்கிறது.

தரகர் சொன்னார், "மேடம், அது அழுவுது."

அன்றைக்கு ட்ரோனை வெளியே எடுக்கவே இல்லை. தலைவலி என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். இப்போது டேப்லெட் மின்விசிறிக்கு எதிரே காய்ந்துகொண்டிருக்கிறது. உன் அண்ணன் அதைச் சுற்றி இரண்டு தடவை நடந்தார். பிறகு கல்லாச் சாவியை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனார். அதுதான் பயமாக இருக்கிறது.

புதிதாக ஒருத்தியைக் கூட நிற்க வைத்துப் பார்த்தேன். பக்கத்து வீட்டில் கல்லூரிக்குப் போகிறவள். ட்ரோன் எங்கே என்று கேட்டால் "மேலதான் ஆன்ட்டி" என்கிறாள்.

அண்ணி


மார்ச் 22

அண்ணி!

ஐஸா!

சூடான காற்று குளிர்ந்த கண்ணாடியைத் தொட்டால் தண்ணீராகும். வெளியே மட்டுமில்லை, உள்ளேயும். சூடாகி அணைந்தால் ஆறியதும் எழுந்துவிடும். உள்ளே தண்ணீர் போனால் எழாது. ஏசி காற்று வரும் ஓட்டைக்கு எதிரிலும் வைக்க வேண்டாம். சாதாரணக் காற்று போதும். குழந்தைகளின் தள்ளுவண்டியில் மாட்டுகிற சின்ன விசிறி கிடைக்கும், பேட்டரியில் ஓடுவது. அதை டேப்லெட்டின் முதுகுப் பக்கம் மாட்டுங்கள். முழுதாகக் காயும்வரை ஆன் செய்யாதீர்கள். ஆன் செய்துவிட்டீர்களா? செய்யவில்லை என்று எழுதுங்கள்.

இதை எழுதிவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன். திரும்பி வந்து இதற்கு மேலே இருப்பதைப் படித்தேன். டேப்லெட் எப்படிச் சூடாகும், எப்படி ஆறும், எல்லாம் எனக்குத் தெரிந்திருக்கிறது. இத்தனை வருஷம் உங்கள் பக்கத்தில் நின்று, ஒருநாள்கூட அந்தக் கன்ட்ரோலர் என் கையில் இருந்ததில்லை.

வேலை கிடைத்ததை நான் சாப்பாட்டு மேசையில் எல்லோர் முன்னாலும் சொன்னது தப்புதான். உங்களிடம் தனியாகச் சொல்லியிருக்க வேண்டும். தட்டைப் பார்த்துக்கொண்டே நீங்கள் சொன்னது: "நிக்கறதுக்கு ஒரு ஆள்தானே. கிடைப்பாங்க."

கிடைத்துவிட்டாள் போலிருக்கிறது. மேலதான் ஆன்ட்டி.

கொக்கு


மார்ச் 25

கொக்கு,

ஆன் செய்யவில்லை. காய்ந்துவிட்டது. வேலை செய்கிறது.

தையல்காரரிடம் சொல்லி ஒரு மூடாக்கு தைத்தேன். கறுப்புத் துணி, உள்ளே அட்டை. திரையைச் சுற்றி மூன்று பக்கமும் மறைத்து, நான் தலையை உள்ளே விட்டுப் பார்க்கிற மாதிரி. படம் அற்புதமாகத் தெரிந்தது. அடுப்புக்குள் தலையை விட்ட மாதிரியும் இருந்தது. டேப்லெட் முன்னைவிடச் சீக்கிரம் அணைந்தது. நானும் ஏறத்தாழ.

கறுப்பு சூட்டைக் குடிக்கும் என்று நீ எழுதப்போகிறாய். தெரியும். வீட்டுக்கு வந்து தெரிந்தது.

கன்ட்ரோலர் விஷயம். நீ கேட்கவே இல்லையே.

அண்ணி


மார்ச் 26

அண்ணி,

கேட்டேன்.

ஒரே ஒரு தடவை. ஆற்றுப்பாலத்தைப் படம் எடுத்த அன்றைக்கு. "நான் இறக்கட்டுமா?" என்றேன். நீங்கள் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "பேட்டரி கம்மியா இருக்கு" என்றீர்கள். இருந்தது பாதிக்கு மேல். திரையில் எனக்கும் தெரிந்தது.

கோபமில்லை. பாலம் அழகாக வந்திருந்தது.

கொக்கு


ஏப்ரல் 8

கொக்கு,

பதில் எழுத நாளாகிவிட்டது. எழுதாமல் இருந்ததற்குக் காரணம் வெட்கம். எழுதுவதற்குக் காரணம் வேறு.

ஆற்றுப்பாலம் படத்தைத் தேடினேன். பாதி பேட்டரி இருந்ததா என்று பார்க்கத்தான். உன்னோடு வாதாட வேண்டுமே. பழைய கார்டுகளை எல்லாம் வரிசையாகப் போட்டுப் பார்த்தேன்.

எழும்பும்போது கேமராவை நேர் கீழே பார்க்க வைத்து ஏற்றுவேன், ஞாபகம் இருக்கிறதா? இறங்கும் இடம் தெளிவாக இருக்கிறதா என்று பார்க்க. அதனால் ஒவ்வொரு படமும் நம் உச்சந்தலைகளில்தான் ஆரம்பிக்கிறது. கொடுக்கும்போது வெட்டிவிடுவோம். கார்டில் அப்படியே இருக்கிறது.

பாலம். குனிந்த ஒரு தலை, அது நான். என் கையில் டேப்லெட், நகத்தளவு. பக்கத்தில் நீ அண்ணாந்து நிற்கிறாய், வாயைத் திறந்துகொண்டு. உன் நிழல் தரையில் நீளமாக விழுந்து, என் கை மேல் ஏறி, டேப்லெட்டை முழுசாக மூடியிருக்கிறது.

சரி, தற்செயல் என்று அடுத்ததைப் போட்டேன். பள்ளிக்கூடக் கட்டடம். வெயில் வேறு பக்கம். நீயும் வேறு பக்கம். நிழல் டேப்லெட் மேல். நெல் உலர்த்தும் களம். அதே. தண்ணீர்த் தொட்டி. அதே. ஒரு படத்தில் யாரோ உன்னைக் கூப்பிடுகிறார்கள், நீ போய்ப் பேசிவிட்டுத் திரும்பி வந்து, எனக்கு இந்தப் பக்கம் இடமிருக்க, என்னைச் சுற்றிக்கொண்டு போய் வெயில் பக்கம் நிற்கிறாய். ட்ரோன் ஏறிக்கொண்டே போகிறது. நாம் எறும்பு அளவு ஆகிவிட்டோம். அப்போதும் அந்த நிழல் மட்டும் தெரிகிறது.

உன் அண்ணனைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் பார்த்துவிட்டு, "இவ இவ்வளவு உயரமா?" என்றார். தங்கையை மேலிருந்து பார்த்தால்தான் தெரிகிறதாம்.

இன்னொன்றும் கண்டுபிடித்தேன். பழைய படம் எதிலும் உச்சிவெயில் இல்லை. பன்னிரண்டு மணி ஆனால் உனக்குப் பசிக்கும். "அண்ணி, பசிக்குது, பசிக்குது" என்று உயிரை எடுப்பாய். மூட்டை கட்டிவிடுவோம். நீ போன பிறகு நான் மதியத்திலும் பறக்கவிட்டுக்கொண்டிருக்கிறேன். அதுவும் வெயிலைப் பார்க்காமல், எடுக்கிற கட்டடத்தைப் பார்த்தே நின்றுகொண்டு.

டேப்லெட்டுக்கு ஒரு நோயும் இல்லை. நீ இல்லை, அவ்வளவுதான்.

பேட்டரி பாதிக்கு மேல்தான் இருந்தது.

அண்ணி


ஏப்ரல் 11

அன்புள்ள அண்ணி,

உங்கள் கடிதத்தை அலுவலகத்தில் படித்தேன். பிறகு மாடிப்படியில். பிறகு பேருந்தில்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நிழலுக்காக நான் அங்கே நிற்கவில்லை. வெயில் கண்ணில் விழுந்தால் ட்ரோன் தெரியாது. அதனால் வெயிலுக்கு முதுகைக் காட்டி நின்றேன். யாராக இருந்தாலும் அப்படித்தான் நிற்பார்கள். உங்களுக்குப் பக்கத்தில் நின்றது மட்டும்தான் உங்களுக்காக.

நிற்கத்தானே ஒரு ஆள் என்றீர்கள். அந்தச் சொல்லால்தான் இவ்வளவு தூரம் வந்தேன். இப்போது பார்த்தால் நான் செய்த பெரிய வேலையே நின்றதுதான். சிரிப்பும் வருகிறது. வேறென்னவோவும் வருகிறது.

இன்னும் ஒன்று. உங்களிடமிருந்து ஒவ்வொரு கடிதம் வரும்போதும், திரை அணைந்தது என்று படிக்கும்போதும், எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாக இருந்தது. முதல் நொடி மட்டும். அடுத்த நொடி நீங்கள் ட்ரோனை மார்போடு அணைத்துக்கொண்டு நிற்பதை நினைப்பேன். ஆனால் அந்த முதல் நொடி இருந்தது. கல்லா நாற்காலியில் நீங்கள் உட்காருவதைப் பற்றியா நான் சந்தோஷப்பட்டேன்? இல்லை. நான் இல்லாமல் அங்கே ஏதோ ஒன்று நடக்கவில்லை என்பது போதுமாக இருந்தது.

ராஜினாமாக் கடிதம் எழுதிவிட்டேன். நாலே வரி. மேலாளருக்கு இன்னும் அனுப்பவில்லை. தொழிற்சாலைச் சோதனைக்கு முன்னால் வந்துவிடுவேன். நீங்கள் சொன்னால் போதும். இந்தக் கூரைகள் நான் இல்லாவிட்டாலும் கூரைகளாகத்தான் இருக்கும்.

சொல்லுங்கள்.

கொக்கு


ஏப்ரல் 13

அனுப்பாதே.

சோதனை முடியும்வரை எதையும் யாருக்கும் அனுப்பாதே. நீ வந்து நின்று இந்த வேலை எனக்குக் கிடைத்தால், உனக்கு ஒரு காய்ச்சல் வந்தால்கூட நான் கல்லாவுக்குப் போக வேண்டும். அது வேலை கிடைத்ததாக ஆகாது.

வெள்ளைக் குடை வாங்கிவிட்டேன். தள்ளுவண்டி விசிறியும். கடைக்காரப் பெண் "என்ன குழந்தை?" என்று கேட்டாள். "பத்து அங்குலம்" என்றேன்.

குடை பிடிக்க உன் அண்ணன் வருகிறார். அவராகச் சொன்னார். நான் தோற்பதைப் பக்கத்திலிருந்து பார்க்கலாம் என்றா, தெரியவில்லை. உயரம் போதாது, ஆனால் நிழல் நல்ல அகலம்.

அண்ணி


ஏப்ரல் 29

கொக்கு,

உட்கார்ந்து படி.

முந்தாநாள் காலை ஏழு மணிக்கே தொழிற்சாலை வாசலில் நின்றோம். காலை வெயிலில் முடித்துவிடலாம் என்று திட்டம். உள்ளே விடும் சீட்டில் உன் அண்ணன் பெயரை விட்டுவிட்டிருக்கிறார்கள். அதைச் சரி செய்ய ஒருவர் வர வேண்டும், அவர் வர நேரமாகும் என்று உட்கார வைத்துவிட்டார்கள். காவலாளி அறையில் ஒரு பெஞ்சு. டேப்லெட்டை மடியில் வைத்து, வெள்ளைத் துணியால் மூடி, குழந்தையைப் போல வைத்துக்கொண்டிருந்தேன். உன் அண்ணன் விசிறிவிட்டார். எனக்கில்லை, அதற்கு.

உள்ளே போனபோது வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. நிழல் என்று ஒன்று எங்கேயும் இல்லை. அத்தனை தகரக் கூரையும் கண்ணைப் பறிக்கிறது. பராமரிப்பு எஞ்சினியர் சின்ன வயசுக்காரர், அவசரக்காரர். "ஆரம்பிக்கலாமா மேடம்?" என்கிறார். நாளைக் காலையில் வருகிறேன் என்று சொல்ல நாக்கு வரை வந்தது. சொல்லவில்லை.

நீ சொன்னதெல்லாம் செய்தேன். ஒவ்வொரு வரிசை முடிந்ததும் இறக்கினேன். டேப்லெட்டை அணைத்துத் துணிக்குள் வைத்தேன். உன் அண்ணன் குடையை ஆடாமல் பிடித்தார். விசிறி ஓடியது. கடைசி வரிசை வரைக்கும் திரை ஒருதடவைகூட மங்கவில்லை. எஞ்சினியர் என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்து, "இந்தத் துரு எங்களுக்கே தெரியாதே" என்றார். உள்ளுக்குள் நான் ஒரு குதி குதித்தேன்.

கடைசி வரிசைக்குப் பக்கத்தில்தான் புகைபோக்கி. நல்ல உயரம். அதற்கு அந்தப் பக்கம் போய் எடுக்க வேண்டும். ட்ரோனுக்கும் புகைபோக்கிக்கும் எவ்வளவு இடைவெளி என்று நான் நிற்கும் இடத்திலிருந்து தெரியாது. பக்கவாட்டில் யாராவது போய் நின்று பார்க்க வேண்டும். நீ இருந்தால் சொல்லாமலே ஓடியிருப்பாய்.

உன் அண்ணன் என்னைப் பார்த்தார். "குடையா, அதுவா?"

"அது" என்றேன்.

குடையை எஞ்சினியர் கையில் கொடுத்துவிட்டு ஓடினார். எஞ்சினியர் குடையைத் தன் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு படத்தைப் பார்த்தார். அதை நான் கவனிக்கவில்லை. கவனித்தபோது தெர்மாமீட்டர் வந்துவிட்டது.

கறுப்பு.

ட்ரோன் புகைபோக்கிக்கு அந்தப் பக்கம்.

திரும்பும் பட்டனில் விரலை வைத்துவிட்டேன். அழுத்தவில்லை. அழுத்தினால் நான் முன்கூட்டியே குறித்து வைத்திருக்கும் உயரத்துக்கு ஏறி, நேர்கோட்டில் வரும். அந்த உயரம் புகைபோக்கியைவிடக் குறைவு. நேர்கோட்டில் புகைபோக்கி.

அப்போது உன் வரி ஞாபகம் வந்தது. கன்ட்ரோலர் தனி உயிர்.

டேப்லெட்டைக் கழற்றிக் கீழே வைத்தேன். அண்ணாந்து பார்த்தேன். வானத்தில் ஒரு புள்ளி. அதன் மூக்கு எந்தப் பக்கம் பார்க்கிறது என்று தெரியவில்லை. குச்சியைக் கொஞ்சமே கொஞ்சம் தள்ளி, எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்த்தேன். வலது என்றால் இடது போனது. சரி, என்னைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. ஆனால் புகைபோக்கிக்கு எவ்வளவு கிட்டே?

"என்னங்க! சொல்லுங்க!" என்று கத்தினேன்.

அவருக்கு ட்ரோன் பாஷை எதுவும் தெரியாது. தெரிந்தது ஒன்றுதான். கடையின் கிடங்கில் லாரியைப் பின்னால் எடுக்க வைப்பது.

"வரலாம்! வரலாம்! வரலாம்! இருங்க இருங்க இருங்க... லெஃப்ட்ல ஒடி! இன்னும் ஒடி! போதும்! இப்ப நேரா வா! வா, வா, வா... சுவரு இருக்கு சுவரு இருக்கு... ஹோல்டு!"

ஒரு கையை மேலே தூக்கி அசைத்துக்கொண்டு பின்பக்கமாகவே நடந்து வருகிறார். ட்ரோன் அவர் கையைப் பார்த்து வருகிறது. நான் அவரை மட்டும்தான் பார்த்தேன். அவர் நின்றால் நான் நின்றேன். அவர் வா என்றால் வந்தேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் சொன்னதை அப்படியே கேட்டது அன்றைக்குத்தான். அவருக்கும் அது தெரிந்திருந்தது. முகத்தில் ஒரு பெருமை.

புகைபோக்கியைத் தாண்டியது. என் காலடியில் வந்து இறங்கியது. இறக்கைகள் நின்ற பிறகுதான் மூச்சு விட்டேன்.

எஞ்சினியர் கீழே கிடந்த டேப்லெட்டைப் பார்த்தார். "மேடம், இது ஆஃப் ஆயிருந்துச்சா?"

"ஆமாங்க."

"எப்பலேர்ந்து?"

"நீங்க குடைக்குள்ள போனதிலேர்ந்து."

அவர் குடையைப் பார்த்தார். புகைபோக்கியைப் பார்த்தார். குடையை மெதுவாக மடக்கினார். "அடுத்த தடவை காலையிலேயே கேட்டைத் திறந்துவிடச் சொல்றேன்" என்றார்.

அடுத்த தடவை என்று சொன்னார், கொக்கு. என் காதால் கேட்டேன். நேற்று எழுத்திலும் வந்துவிட்டது. வருஷம் முழுக்க. காலை வெயிலில் மட்டும்.

திரை அணைந்தால் விற்றுவிடுவேன் என்று சொல்லியிருந்தேன். திரை அணைந்தது. உன் அண்ணன் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. திரும்பும் வழியில் ஒரு காலி மைதானம் வந்தது. காரை நிறுத்தச் சொல்லி, கன்ட்ரோலரை அவர் கையில் கொடுத்தேன். முன்னால் ஓட்டத் தெரியவில்லை. பின்னால் எடுப்பது பிரமாதம்.

ராஜினாமாக் கடிதத்தைக் கிழி.

அண்ணி


மே 1

அண்ணி,

கிழித்துவிட்டேன். கிழிப்பதற்கு முன் ஒருதடவை படித்தேன். நாலு வரியில் மூன்று வரி பொய்.

உங்கள் கடிதத்தைப் பக்கத்து மேசைக்காரியிடம் உரக்கப் படித்துக் காட்டினேன். லாரி இடத்தில் அவள் சிரித்துச் சிரித்து ஸ்வெட்டரைக் கழற்றிவிட்டாள். நானும் சிரித்தேன். நான் இல்லாமல் நடந்துவிட்டது. முதல் நொடியில் வலிக்கும் என்று காத்திருந்தேன். வலித்தது. பிறகு பார்த்தால், இங்கே என் திரையில் ஒரு தகரக் கூரை, மூலையில் பழுப்பாக ஒரு கறை. துரு. யாரும் கேட்காவிட்டாலும் குறித்து வைத்தேன். எனக்கு அது தெரிகிறது. உங்களோடு நின்று நின்று தெரிகிறது.

மேலாளரிடம் காட்டினேன். "இதையும் தனியா குறிக்க ஆரம்பிங்க" என்றார். அடுத்த வாரத்திலிருந்து அது என் வேலை. ஆகவே இங்கே இருக்கிறேன், அண்ணி. இருக்கத் தோன்றுகிறது.

ஆனால் ஒன்று கேட்க வேண்டும்.

அண்ணனுக்குக் கொடுத்தீர்களா? கன்ட்ரோலரை? ஒருநாள் குடை பிடித்தவருக்கு? மைதானத்தில் காரை நிறுத்தி? நானும் மைதானங்களில்தானே நின்றேன்?

மே கடைசியில் லீவு. வருகிறேன். இது தகவல் இல்லை.

கொக்கு


மே 2

கொக்கு,

பக்கத்து மேசைக்காரிக்கு என் கடிதத்தைப் படித்துக் காட்டினாயா? இனிமேல் எழுத்துப்பிழை பார்த்துத்தான் அனுப்ப வேண்டும்.

அவருக்கு ஏன் கொடுத்தேன் என்று யோசித்தேன். கொடுத்துப் பார்க்க வேண்டியிருந்தது. என் கையிலிருந்து போனால் எனக்கு என்ன ஆகும் என்று எனக்கே தெரியாமல் இருந்தது. அவர் புதருக்குள் இறக்கினார். முள் குத்தியது. எனக்கு ஒன்றும் ஆகவில்லை. முதலில் உனக்குத்தான் கொடுத்திருக்க வேண்டும். உனக்குக் கொடுத்திருந்தால் உனக்கு நன்றாக வந்துவிடுமோ என்று பயம் இருந்திருக்கிறது. இதைப் படித்துவிட்டுச் சிரிக்காதே. பக்கத்து மேசைக்காரிக்கும் படிக்காதே.

வந்த மறுநாள் காலையில் போவோம். ஆற்றுப்பாலத்துக்கே போகலாம். நீ ஓட்டு. எழுப்புவதும் நீ, இறக்குவதும் நீ. நான் வெயில் பக்கம் நின்றுகொள்கிறேன். உன் உயரத்துக்கு என் நிழல் எட்டாது, ஒரு செங்கல் போட்டு ஏறி நிற்கிறேன்.

வாயைத் திறக்கமாட்டேன் என்று எழுத வந்தேன். பொய் எழுத மனசு வரவில்லை. திறப்பேன். "மெதுவா, மெதுவா" என்பேன். "மரம், மரம்" என்பேன். உன் அண்ணன் வேறு பின்னாலிருந்து "ஒடி, ஒடி" என்பார்.

நீ காதில் வாங்காதே. திரையைப் பார்.

அண்ணி